வாசலில் நின்றவளின் வசனம்

தைபே
மார்ச் 6, 1964

அன்புள்ள குயி அக்காவுக்கு,

சாய்ஹோங் எழுதுகிறேன். நீயும் அத்தானும் சுகமா? அத்தானின் முழங்கால் இந்தக் குளிரை எப்படித் தாங்குகிறது? எனக்கு இருமலைத் தவிர வேறு குறை இல்லை. கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பொறுத்துக்கொள். சினிமா ஒப்பந்தத்தில் பெயர் எழுதுவதற்காக முப்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்ட எழுத்து.

விஷயத்துக்கு வருகிறேன். நான் டைரக்டர் ஆகிவிட்டேன்.

சிரிக்காதே. மேடையில் இருபது வருஷம் ஆண் வேஷம் கட்டி வாள் சுழற்றியவளுக்கு, சினிமாவில் எட்டு வருஷமாகக் கிடைத்ததெல்லாம் மாமியார் வேஷமும் விதவை வேஷமும்தான். மருமகளை அறைந்து அறைந்து எனக்கே கை வலி வந்துவிட்டது. போன வாரம் லியாவ் முதலாளியிடம் நேராகவே போய்க் கேட்டேன்.

"பொம்பள டைரக்ட் பண்ணா லைட் தூக்குறவன் கேப்பானா?" என்றார்.

"நான் ராஜகுமாரனா நின்னப்ப மந்திரி, சேனாதிபதி எல்லாரும் கேட்டாங்க. உங்க லைட் தூக்குறவன் என்ன அதுக்கு மேலயா?" என்றேன்.

சிரித்துவிட்டார். பன்னிரண்டு நாளில் எடுத்து முடிக்க வேண்டும். கதை என்ன என்று கேட்டார். என் கதையேதான் என்றேன். ஒன்பது வயதுப் பெண் வீட்டுக் கொல்லையில் பாடுகிறாள். அந்தப் பக்கம் வந்த நாடகக் குழுத் தலைவர் அந்தக் குரலைக் கேட்டு மயங்கி, மூன்று வருஷம் நாலு மாதம் குழுவோடு இருந்து தொழில் கற்கிற ஒப்பந்தத்தில் அவளைக் கூட்டிப் போகிறார். அங்கே ஆரம்பித்து, ஊரே கொண்டாடும் நடிகையாக அவள் ஆவது வரை கதை. பத்திரிகைக்காரர்களுக்கு நான் நூறு தடவை சொன்னதுதான், லியாவுக்கும் மனப்பாடம்.

ஆனால் அந்தக் காலை எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. உனக்கு அப்போது பன்னிரண்டு. நீ சொல்ல வேண்டும். அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள்? நீ வாசலில் நின்று என்னைப் பார்த்து ஏதோ சொன்னாய். உன் வாய் அசைந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது, வார்த்தைதான் போய்விட்டது. என்ன சொன்னாய்? எல்லாவற்றையும் விவரமாக எழுது. நாலு வருஷம் பள்ளிக்கூடம் போனவள் நீ, உனக்கென்ன கஷ்டம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
சாய்ஹோங்


யீலான்
ஏப்ரல் 7, 1964

அன்புத் தங்கை சாய்ஹோங்குக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் நலம். அத்தானுக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, வாய் மட்டும் முன்னைவிட நன்றாக இருக்கிறது. வாத்துக்குஞ்சுகள் முந்நூறு வந்திருக்கின்றன. மழை நிற்காததால் கொட்டகையில் காலை வைத்தால் கணுக்கால் வரை புதைகிறது.

நீ டைரக்டர் ஆனதை அத்தான் ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். கோவில் வாசலில் காய் விற்கிற பெண்கள், "உன் தங்கச்சி இன்னும் அந்த ராஜகுமாரன் வேஷத்துல அழகா இருப்பாளா?" என்று என்னைப் பிடித்து வைத்துக் கேட்கிறார்கள். அவர்களில் ஒருத்தி அந்தக் காலத்தில் மேடையில் உன் மேல் மோதிரத்தைக் கழற்றி வீசி, புருஷனிடம் அடி வாங்கியவள்.

கல்லறை சுத்தம் செய்யும் நாளன்று அம்மா, அப்பா இருவருக்கும் புல் வெட்டி, உன் பெயரிலும் ஊதுபத்தி ஏற்றினேன்.

நீ கேட்ட காலையைப் பற்றி எனக்கு அதிகம் ஞாபகம் இல்லை. மழை பெய்தது என்று வைத்துக்கொள். இங்கே எந்தக் காலையில்தான் பெய்யவில்லை? வேறு கதை ஏதும் கிடைக்கவில்லையா உனக்கு? நரி பெண்ணாக மாறும் கதை எடு. ஜனங்களுக்குப் பிடிக்கும், உனக்கும் தலைவலி இல்லை.

இருமலுக்குப் பேரிக்காயைக் கற்கண்டோடு வேகவைத்துச் சாப்பிடு.

அக்கா,
குயி


தைபே
ஏப்ரல் 25, 1964

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? பேரிக்காய் சாப்பிட்டேன். இருமல் போய்க் குரலே கம்மிவிட்டது. கத்திக் கத்தித்தான்.

ஒன்பது நாள் ஷூட்டிங் முடிந்துவிட்டது. என் மாதிரி வேகமாக எடுக்கிற ஆம்பளை இந்த ஊரில் கிடையாது. ஏன் தெரியுமா? நான் வசனம் எழுதுவதில்லை. எனக்கு எழுதவும் வராது, அது வேறு விஷயம். எங்கள் நாடகக் குழுவில் எப்படிச் செய்தோமோ அப்படியே செய்கிறேன். காலையில் எல்லோரையும் உட்காரவைத்து, இன்றைக்கு இவன் வருவான், இவள் அழுவாள், இந்த இடத்தில் கதவு சாத்தும் என்று கதையைச் சொல்லிவிடுவேன். மற்றதை அவரவர் வாய் பார்த்துக்கொள்ளும். அத்தனை பேரும் என்னைப் போல மேடையில் வளர்ந்தவர்கள். வேறு ஆட்களுக்கு வசனத்தை மனப்பாடம் செய்யவே இரண்டு நாள் வேண்டும்.

சத்தம் எல்லாம் பிறகு டப்பிங்கில் சேர்ப்பதுதானே. கேமரா ஓடும்போது நாய் குரைத்தாலும் கவலை இல்லை.

நேற்று வாசல் காட்சி எடுத்தேன். உன் வேஷத்தில் அபிங் என்று ஒரு பெண், உன்னைப் போலவே ஒல்லி. "உன் தங்கச்சி போறா. வாசல்ல நின்னு அவகிட்ட ஏதாச்சும் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தள்ளி நின்றேன். அவள் அழுதுகொண்டே என்னவோ சொன்னாள். கேமராக்காரர் மூக்கை உறிஞ்சினார். ஒரே டேக்கில் எடுத்தாயிற்று.

அவசரத்தில் முடிக்கிறேன். அத்தானுக்கு என் அன்பு.

சாய்ஹோங்


யீலான்
மே 4, 1964

சாய்ஹோங்குக்கு,

இங்கே சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். உப்பிட்ட வாத்து முட்டை நாற்பது ரயிலில் வருகிற ஆளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். லியாவ் முதலாளிக்கும் பத்து கொடு.

வாசலில் நின்ற அந்தப் பிள்ளை என்ன சொன்னாள் என்று நீ எழுதவில்லையே. எழுது. சும்மாதான் கேட்கிறேன்.

குயி


தைபே
மே 22, 1964

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருந்தால் போதும். என் சுகத்தைக் கேட்காதே.

முட்டை வந்தது. அதைத் தின்னக்கூட நேரம் இல்லை. என் முட்டாள்தனத்தை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? டப்பிங் ஆரம்பித்தோம். திரையில் படம் ஓடுகிறது, மைக் முன்னால் எல்லோரும் நிற்கிறார்கள், யாரும் வாயைத் திறக்கவில்லை. என்ன என்று கேட்டேன். தலைவர் வேஷம் போட்ட கிழவர் சொல்கிறார், "அன்னிக்கு என்ன பேசினேன்னு யாருக்கும்மா ஞாபகம்? நம்ம தொழில்ல எது ரெண்டாந்தடவ வந்திருக்கு?"

அக்கா, நான் சினிமா எடுத்த லட்சணத்தைப் பார். மேடையில் சொன்னது அன்றைக்கே காற்றோடு போகும், மறுநாள் வேறு பேச்சு. அந்தப் பழக்கத்தில் ஒருவர்கூட எதையும் எழுதி வைக்கவில்லை. படம் முழுக்க உதடுகள் அசைகின்றன, என்ன பேச்சு என்று பேசியவர்களுக்கே தெரியாது. கிழவர் ஒரு காட்சியில் மத்தியானச் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று பேசியிருக்கிறார் என்று அவர் மனைவி சத்தியம் செய்கிறாள்.

லியாவ் நாற்காலியைத் தூக்கி எறிந்தார். "ஜூன் இருபதுக்குள்ள முழுப் படம் என் கைக்கு வரணும். இல்லேன்னா வேற டைரக்டர் பேரைப் போட்டு அவன்கிட்டக் குடுத்துடுவேன். நீ மறுபடி மாமியாராப் போய் நில்லு" என்றார். அதைவிட என் கழுத்தை அறுக்கலாம்.

ராப்பகலாக உதட்டுக்கேற்ற பேச்சை ஒட்டிக்கொண்டிருக்கிறோம். பொய்தான், ஆனால் பொருந்துகிறது. வாசல் காட்சிதான் வரவில்லை. அபிங்கைக் கேட்டால், "அழச் சொன்னீங்க, அழுதேன். வாய்க்கு வந்ததச் சொன்னேன் அத்தை" என்கிறாள். இருபது வசனம் ஒட்டிப் பார்த்தேன். எல்லாம் மேடைப் பேச்சாக இருக்கிறது. படத்தில் உயிர் அங்கேதான் இருக்கிறது, அது செத்தால் எல்லாம் செத்தது.

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். அன்றைக்கு நீ நிஜமாக என்ன சொன்னாய்? நீண்ட பேச்சு வேண்டாம். ஒரு மூச்சில் சொல்லி முடிக்கிற அளவுதான் அந்தப் பெண் வாய் அசைகிறது.

சாய்ஹோங்


தைபே
ஜூன் 2, 1964

அக்கா,

நலமா? பதில் இல்லை. வீட்டில் ஏதாவது ஆகிவிட்டதா? ஒன்றும் இல்லையென்றால் அந்த ஒரு வரியை மட்டும் அட்டையில் எழுதிப் போடு. பதினெட்டு நாள்தான் இருக்கிறது.

சாய்ஹோங்


யீலான்
ஜூன் 9, 1964

அன்புத் தங்கைக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். ஐந்தாம் மாதப் பண்டிகைக்கு மூங்கில் இலையில் சோறு கட்டிக்கொண்டிருந்தேன். கட்டினது அவிழ்ந்து அவிழ்ந்து போயிற்று. "போய் எழுதித் தொலை, இலையெல்லாம் கிழியுது" என்று அத்தான் திட்டினார். அவருக்கு விஷயம் தெரியும். கல்யாணமான வருஷமே சொல்லிவிட்டேன். உன்னிடம்தான் முப்பது வருஷமாகச் சொல்லவில்லை.

நான் வாசலில் நிற்கவில்லை, சாய்ஹோங்.

தலைவர் உன்னைக் கூட்டிப் போக வரவில்லை. என்னைக் கூட்டிப் போகத்தான் வந்தார். அப்பா போன அந்தக் குளிர்காலத்தில் வீட்டில் ஒரு வாய் குறைந்தால் போதும் என்று அம்மா நினைத்தாள். நான் உயரம், முகமும் பரவாயில்லை. ஒரு வாரத்துக்கு முன்பே பேசி முடித்து அம்மா கைநாட்டு வைத்துவிட்டாள். குழுவில் பிள்ளைகளைப் பிரம்பால் அடிப்பார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி என்னிடம் சொல்லியிருந்தாள். அன்றைக்கு விடிந்ததும் அவள் வீட்டு வாத்துக் கொட்டகைக்குள் போய் வைக்கோலுக்கு அடியில் படுத்துக்கொண்டேன்.

அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே தெருவில் இரண்டு தடவை போனாள். எனக்குக் கேட்டது. நான் மூச்சுக்கூட விடவில்லை. அப்புறம் பலகைச் சந்து வழியாகத் தலைவர் குரல் கேட்டது. "பெரியவ இல்லேன்னா சின்னவளக் குடுங்க. நான் ரயிலைப் புடிக்கணும்." அம்மா உன்னைப் பாடச் சொன்னாள். நீ பாடினாய். மோசமாகப் பாடினாய், பயத்தில் உனக்குத் தொண்டை அடைத்திருந்தது. "பரவால்ல, கைகால் நல்லா இருக்கு. அடிச்சுப் பழக்கிக்கலாம்" என்றார்.

எழுந்து வெளியே வர எனக்கு அப்போதும் நேரம் இருந்தது. நீ செருப்புத் தேடிக்கொண்டிருந்தாய். அவ்வளவு நேரம் இருந்தது. நான் வரவில்லை.

மத்தியானம் வீட்டுக்குப் போனேன். அம்மா அடிக்கவில்லை. என் கஞ்சியையும் உன் கஞ்சியையும் சேர்த்து ஒரே கிண்ணத்தில் ஊற்றி முன்னால் வைத்தாள். நான் தின்றேன். அடுத்த வசந்தத்தில் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். இந்தக் கடிதத்தை எழுதுகிற எழுத்து அங்கே கற்றதுதான்.

வாசலில் யாரை நீ பார்த்தாய் என்று எனக்குத் தெரியாது. உனக்கு ஆள் வேண்டியிருந்ததால் நீயே ஒருத்தியை நிறுத்திக்கொண்டாய் போல. உன் படத்துக்கு அந்த வசனம் என்னிடம் இல்லை.

குயி


யீலான்
ஜூன் 28, 1964

சாய்ஹோங்குக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ஜூன் இருபது போய்விட்டது. படம் உன் பெயரில் வருகிறதா, வேறு ஆள் கைக்குப் போய்விட்டதா என்று தெரியவில்லை. தபால்காரன் வருகிற நேரத்தில் நான் வாத்துகளை விட்டுவிட்டு ரோட்டில் போய் நிற்கிறேன். அவன் சைக்கிளை நிறுத்தாமலேயே தலையை ஆட்டிவிட்டுப் போகிறான்.

திட்டியாவது எழுது. உனக்கு எழுத வராத கெட்ட வார்த்தை இருந்தால் கோடு போட்டு விட்டுவிடு, நான் புரிந்துகொள்வேன்.

குயி


தைபே
ஜூலை 19, 1964

குயி அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். நீயும் அத்தானும் சுகம் என்று நினைக்கிறேன்.

உன் கடிதத்தை டப்பிங் அறையில்தான் பிரித்தேன். எனக்கு முதலில் சுட்டது எது தெரியுமா? நான் மோசமாகப் பாடினேன் என்று எழுதியிருந்தாயே, அதுதான். நீ ஒளிந்தது இரண்டாவதாகத்தான் சுட்டது. நடிகைப் புத்தி.

ஆனால் இரண்டாவது ஆறவில்லை. பனிக்காலையில் தலையில் தண்ணீர்க் கிண்ணத்தோடு நின்றபோதும், பிரம்படி வாங்கியபோதும், இவர் என் குரலைக் கேட்டு ஆசைப்பட்டுத்தானே என்னைக் கூட்டிவந்தார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அதை வைத்துத்தான் அடியைத் தாங்கினேன். வாசலில் எனக்காக அக்கா அழுதாள் என்பதை வைத்துத்தான் தூங்கினேன். இரண்டையும் ஒரே கடிதத்தில் பிடுங்கிக்கொண்டாய். உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. நீ பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் கோபம் இருக்கிறது.

மறுநாள் பாட்டை மறுபடி பதிவு செய்தேன். படத்தில் என் வேஷம் போட்ட பிள்ளைக்கு முதலில் தேனாகப் பாடியிருந்தேன். இந்தத் தடவை தொண்டை அடைத்துப் பாடினேன். லியாவ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குதிக்கிறார். "உனக்கு என்ன, குரல் போயிடுச்சா?"

"ஒன்பது வயசுல இப்படித்தான் பாடினேனாம்" என்றேன்.

அப்புறம் வாசல் காட்சி. "'நல்லபடியாப் போயிட்டு வா தங்கச்சி'ன்னு போட்டு முடி. ஜனங்க அழட்டும்" என்றார். அபிங்குக்குப் பதில் நானே மைக் முன்னால் நின்றேன். ஆயிரம் மேடையில் எனக்குப் பேச்சு நின்றதில்லை அக்கா. எதிராளி மறந்தால் அவன் வசனத்தையும் சேர்த்துப் பேசியவள் நான். அன்றைக்கு வாய் வரவில்லை. பொய்யைப் போடவும் மனம் வரவில்லை, அங்கே யாரும் நிற்கவில்லை என்று தெரிந்த பிறகு அந்தப் பெண்ணை எடுத்துவிடவும் மனம் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டேன். அவள் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. லியாவ் கவனிப்பதற்குள் பிரிண்ட் போய்விட்டது.

படம் என் பெயரில்தான் வந்திருக்கிறது. தைபேயில் அந்த இடம் வந்ததும் ஜனங்கள் விசிலடித்து, ஆபரேட்டரைத் திட்டி, ஒரு தியேட்டரில் சோடா பாட்டிலே வீசிவிட்டார்கள். லியாவ் என்னோடு பேசுவதில்லை. அடுத்த படம் தரமாட்டாராம். வேறு ஒருவரிடம் போய்க் கேட்பேன். மாமியாராக நிற்க மாட்டேன்.

ஆகஸ்ட் முதல் தேதி படம் யீலானுக்கு வருகிறது. நான் வரவில்லை. பார்ப்பதும் விடுவதும் உன் இஷ்டம்.

சாய்ஹோங்


யீலான்
ஆகஸ்ட் 3, 1964

அன்புத் தங்கை சாய்ஹோங்குக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தை அம்மன் கோவிலில் தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

முதல் நாள் ஆட்டத்துக்கே போனேன். அத்தான் காலை நீட்ட வசதியாக ஓரத்தில் உட்கார்ந்தோம். நம் ஊர் தியேட்டரில் இன்னும் மைக் வைத்துக்கொண்டு விளக்கம் சொல்கிறவர் ஒருவர் இருக்கிறார். கிழவிகளுக்குப் படம் புரிய வேண்டுமே. பாட்டு அப்படியேதான் இருந்தது. இல்லை, அன்றைக்கு நீ இதைவிட மோசமாகப் பாடினாய்.

வாசல் வந்தது. அந்தப் பிள்ளை வாயைத் திறந்தாள். சத்தம் இல்லை. உடனே பின்னாலிருந்து, "டேய், தூங்கிட்டியா மேல?" என்று கூச்சல். விளக்கம் சொல்கிறவர் சமாளிக்கப் பார்த்தார். மைக்கை எடுத்து, "அருமைத் தங்கையே" என்று இழுத்தார்.

நான் எழுந்து நின்றேன். "நீங்க சும்மா இருங்க" என்றேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. தியேட்டர் அடங்கிவிட்டது. திரையைப் பார்த்துச் சொன்னேன். "நான் இங்கதான் இருக்கேன். அவளை விடுங்க. என்னைக் கூட்டிட்டுப் போங்க."

ஒரு மூச்சுதான் ஆயிற்று. நான் முடிக்கும்போது அந்தப் பிள்ளையும் வாயை மூடினாள். திரையில் நீ தலைவர் பின்னால் ரோட்டில் போய்க்கொண்டிருந்தாய். நீ திரும்பிப் பார்க்கவில்லை.

பக்கத்து நாற்காலிக் கிழவி என் தோளில் தொங்கிய துண்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "இப்பச் சொல்லி என்னம்மா, பொண்ணுதான் போயிட்டாளே" என்றாள். அத்தான் அவளை முறைத்தார். நான் வேண்டாம் என்றேன். அவள் சொன்னது சரிதானே.

படம் முடிந்ததும் அத்தானை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அடுத்த ஆட்டத்துக்கு உட்கார்ந்தேன். அந்த இடம் வந்ததும் எழுந்து நின்று சொன்னேன். நேற்று இரண்டு ஆட்டமும் போனேன். விளக்கம் சொல்கிறவர் இப்போதெல்லாம் அந்த இடத்தில் மைக்கைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறார். நீ கோபமாகவே இரு, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. படம் இங்கே புதன்கிழமை வரை ஓடுகிறது. இன்றைக்கும் போகிறேன்.

குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே, உனக்கு இருமல் வரும்.

உன் அக்கா,
குயி